வள்ளல் அழகப்பரும் ஒரு டின் பிரைமரும்



ஆண்டு மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தா என்று மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டபோது, விஸ்வேஸ்வரய்யாவையோ அப்துல் கலாமையோ எழுதி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர்களைப் பற்றி நம் மலரில் வருஷா வருஷம் யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது காரைக்குடி வள்ளல் அழகப்ப செட்டியாரைப் பற்றி. அவர் இன்ஜினீயர் இல்லை. பட்டறையில் நின்றவரும் இல்லை. ஆனாலும் அம்பத்தூரில் ஒரு பெயிண்ட் ஷாப்பில் நான் செய்த தப்புதான் என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெயிண்ட் ஷாப்பில் பதினைந்து நாள்

போன வருஷம் நவம்பரில் எனக்கு இன்பிளாண்ட் டிரெயினிங் கிடைத்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில். பெயர் வேண்டாம். தினம் ஆவடியிலிருந்து ரயிலேறி பட்டரவாக்கத்தில் இறங்கி, மழைச் சேற்றில் நடந்து போவேன். லேத்தில் போடுவார்கள், சிஎன்சி காட்டுவார்கள் என்று கனவு கண்டு போனவனைப் பெயிண்ட் ஷாப்பில் தள்ளிவிட்டார்கள். எனக்கோ ஏமாற்றம்! டிப்ளமோ படிக்கிறவனுக்கு வெள்ளையடிக்கிற வேலையா என்று மனசுக்குள் புலம்பினேன்.

அங்கே பெயிண்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். இருபது வருஷம் ஸ்பிரே கன் பிடித்த கை. கடலோரத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போகவேண்டிய இரும்பு ஃபிரேம்கள் பன்னிரண்டு வந்திருந்தன. கிரிட் பிளாஸ்டிங் பண்ணி, துத்தநாகப் பிரைமர் அடித்து, அதன்மேல் எபாக்ஸி, அதற்கும்மேல் பாலியூரித்தேன். என் வேலை ரொம்பச் சுலபம். காலையில் பெயிண்ட் அடிக்கும்முன் ஹைக்ரோமீட்டரைச் சுழற்றி, காற்றின் வெப்பம், ஈரப்பதம், இரும்பின் வெப்பம் மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். அவ்வளவுதான்.

ஒருநாள் விடிய விடிய மழை. ரயில் லேட். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் பிரைமரைக் கலக்கி வைத்துக்கொண்டு என் ரீடிங்குக்காகக் காத்திருந்தார். ஃபோர்மேன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் ஹைக்ரோமீட்டரைத் தொடவே இல்லை. முந்தின நாள் எண்களைக் கொஞ்சம் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஈரப்பதம் 68 சதவீதம். எல்லாம் சரி என்று அண்ணனிடம் தலையாட்டினேன். அவர் என்னை நம்பி அடித்தார்.

பிப்ரவரியில் கடலோரத்திலிருந்து போட்டோ வந்தது. மூன்று ஃபிரேம்களில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கிடந்தது. விரலால் சுரண்டினால் தோலாக உரிந்து வந்தது. அடியில் காவி நிறத் துரு. பழி யார்மேல் விழும்? அடித்தவர்மேல்தான்! அண்ணன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இல்லாமல் போய்ச் சுரண்டி அடித்துக் கொடுத்தார். தற்செயலாக அவரைப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. என்மேல் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. பரீட்சைக்கு நன்றாகப் படி தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதமே எங்கள் வகுப்பு காரைக்குடிக்குத் தொழில்நுட்பச் சுற்றுலா போனது. போன இடம் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். ஊரில் எல்லோரும் சிக்ரி என்றுதான் சொல்கிறார்கள். துருவைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இவ்வளவு பெரிய இடமா என்று வாயைப் பிளந்தேன். சென்னையில் இருக்கவேண்டியது, வறண்ட செட்டிநாட்டுச் சீமைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். கிடைத்த பதில் ஒரே ஒரு பெயர்: அழகப்பர். அன்றிலிருந்து அவரைப் பற்றி நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன்.

கோட்டையூர்ப் பிள்ளை

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். அங்கே 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் நகரத்தார் குடும்பத்தில் ராமநாதன் செட்டியாரின் மகனாகப் பிறந்தார் அழகப்பர். அந்தக் காலத்து நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றதும் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பலேறி, வட்டிக்கடைக் கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள். கல்லூரிப் படிப்பு என்பது அபூர்வம். அழகப்பரோ காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கில இலக்கியம் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கினார். அவர் சமூகத்தில் எம்.ஏ. வரை போன முதல் ஆள் என்று அவரைச் சொல்வார்கள்.

அதோடு விட்டாரா? லண்டனுக்குப் போனார். அங்கே சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி பெற்றார். பாரிஸ்டர் படிப்பையும் முடித்தார். லண்டனை அடுத்த குராய்டனில் விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கினார். வங்கி, சட்டம், விமானம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றையும் ஒரே இளைஞன் கற்றுக்கொண்டிருக்கிறான் பாருங்கள்! சிலபஸில் இல்லாத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னாலே முகம் சுளிக்கிறோமே நாம்!

ஊர் திரும்பியதும் தொழிலில் இறங்கினார். 1937-இல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் ஒரு துணி ஆலையைத் தொடங்கினார். அந்த இடத்துக்கே பிற்பாடு அழகப்பநகர் என்று பெயர் வந்துவிட்டது. மலேயாவில் ரப்பர்த் தோட்டம், ஈயச் சுரங்கம், இன்சூரன்ஸ், பங்குச் சந்தை என்று கை வைக்காத துறை இல்லை. ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமானக் கம்பெனியே நடத்தினார். அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. நாற்பது வயது ஆகுமுன்பே ஆங்கில அரசின் சர் பட்டமும் வந்துசேர்ந்தது.

இதோடு நின்றிருந்தால் அவர் இன்னொரு பணக்காரர், அவ்வளவுதான். இந்த மலரில் அவருக்கு இடம் இருந்திருக்காது.

கொடுக்கத் தொடங்கிய கை

கிண்டிப் பக்கம் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஏ.சி. டெக் என்று ஒரு கல்லூரி இருப்பது உங்களுக்கெல்லாம் தெரியும். நம்மில் பலர் லேட்டரல் என்ட்ரிக்கு ஆசைப்படும் இடம்தானே! அந்த ஏ.சி. என்பது அழகப்ப செட்டியார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தக் கொடையில் 1944-இல் எழுந்தது அந்தத் தொழில்நுட்பக் கல்லூரி. அன்றைய 5 லட்சம் என்பது இன்றைய கணக்கில் எத்தனை கோடி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1947 ஜூலையில் சென்னையில் ஒரு கூட்டம். அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டையொட்டி நடந்தது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார் பேசும்போது, சுதந்திரம் வரப்போகிறது, கல்லூரிகள் பட்டணத்தோடு நின்றால் போதாது, சிற்றூர்ப் பக்கமும் வரவேண்டும், வசதியுள்ளவர்கள் முன்வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்க ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். மேடையில் சொல்வதும் கீழே இறங்கியதும் மறப்பதும் நம்ம ஊரில் சகஜம். அவர் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. அடுத்த மாதமே, 1947 ஆகஸ்டில், காரைக்குடியில் கல்லூரி தொடங்கிவிட்டது! கட்டடம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இருக்கிற இடத்தில் பெஞ்சைப் போட்டு ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பின் பள்ளி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-இல் பொறியியல் கல்லூரி, நம்மைப் போன்றவர்களுக்காக ஒரு பாலிடெக்னிக் என்று வரிசையாக வந்தன. பெண்கள் படிப்பதற்காகத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டார் என்று காரைக்குடியில் இன்றும் சொல்வார்கள்.

நூறு, இருநூறு அல்ல, முந்நூறு ஏக்கர்!

இப்போதுதான் நம் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

நாடு விடுதலை அடைந்த சமயம். விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர் தலைமையில் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் தேசிய ஆய்வுக்கூடங்களைக் கட்டத் திட்டமிட்டது. இயற்பியலுக்கு டெல்லி, வேதியியலுக்குப் புனே என்று பெரிய நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. மின்வேதியியலுக்கு ஒரு கூடம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, அழகப்பர் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் எடுத்து நீட்டினார். பெரிய நகரம் இல்லை, துறைமுகம் இல்லை, பெரிய ஆலைகள் இல்லை. ஆனாலும் கூடம் அங்கேதான் வந்தது. 1948 ஜூலை 25-ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் சமயத்தில், குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

தோழர்களே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். கோயில் கட்டினால் கும்பாபிஷேகத்துக்கு ஊரே வரும். கல்லூரி கட்டினால் வருஷா வருஷம் பட்டமளிப்பு விழா நடக்கும். மின்வேதியியல் கூடத்தில் என்ன கிடைக்கும்? பேட்டரி, முலாம் பூசுதல், துரு! துருவைத் தடுத்தால் அது வெளியே தெரியவே தெரியாது. விழாத பாலத்தைப் பார்த்து யார் கைதட்டுகிறார்கள்? தெரியாத வேலைக்குத் தன் பணத்தைக் கொடுத்தார் அந்த மனிதர். நானோ, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஹைக்ரோமீட்டரைச் சுழற்றாமல் விட்டேன்.

துரு என்பது ஒரு பேட்டரி

மின்வேதியியலுக்கும் துருவுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே போகும்வரை எனக்கும் புரியவில்லை. அங்கே கேட்டுக்கொண்டதை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

ஒரு இரும்புத் தகட்டில் ஒரு புள்ளி எதிர்மின்வாயாகவும் பக்கத்துப் புள்ளி நேர்மின்வாயாகவும் வேலை செய்யும். இரண்டையும் இரும்பே இணைக்கிறது. நடுவில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், டார்ச் பேட்டரி மாதிரி ஒரு மின்கலம் தயார். அதில் கரைவது நம் இரும்பு. ஈரத்தில் உப்பு இருந்தால் மின்சாரம் இன்னும் சுலபமாக ஓடும். கடலோரத்தில் துரு வேகமாகப் பிடிப்பதற்கு அதுதான் காரணம். பெயிண்டின் வேலை அழகு காட்டுவது மட்டும் இல்லை. ஈரத்தையும் உப்பையும் இரும்புக்கு எட்டவிடாமல் அந்தப் பேட்டரியை ஓடாமல் வைப்பதுதான் முதல் வேலை.

அப்படியானால் அடித்த பெயிண்ட் ஏன் உரிகிறது? மட்டமான டின் என்று கடைக்காரரைத் திட்டுவதுதான் நம் வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி டின் இல்லை; டின்னைத் திறப்பதற்கு முன்னால் நாம் செய்ததும் செய்யாததும்தான். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

ஒன்று, அடிப்பரப்பு. உருட்டாலையிலிருந்து வரும் இரும்பின்மேல் நீலக்கறுப்பாக ஒரு செதில் இருக்கும். பார்க்கக் கெட்டியாக இருக்கும். அதன்மேல் அடித்தால் ஒருநாள் செதிலும் பெயிண்டும் சேர்ந்தே கழன்றுவிடும். கிரிட் அடித்து வெள்ளை வெளேரென்று ஆக்கவேண்டும், எஸ்.ஏ. இரண்டரை என்று டிராயிங்கில் போட்டிருப்பார்களே, அது அந்தச் சுத்தத்தின் அளவு. கூடவே 50 முதல் 75 மைக்ரான் அளவுக்கு மேடுபள்ளமும் வேண்டும். அம்மி கொத்தினால்தானே மசாலா அரைபடும்? அதுபோல, சொரசொரப்பு இருந்தால்தான் பெயிண்ட் பிடிக்கும்.

இரண்டு, எண்ணெயும் உப்பும். பிளாஸ்டிங் செய்த இரும்பை வெறுங்கையால் தடவினாலே வியர்வை உப்பு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பட்ட பனியன் வேஸ்டால் துடைத்தால் சுத்தம் ஆகாது, எண்ணெய் பரவும். பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு வெளியே இருக்கிற தண்ணீரைப் படலத்தின் வழியாக உள்ளே இழுக்கும். உலர்ந்த திராட்சை தண்ணீரில் ஊறினால் எப்படி உப்புகிறதோ, அப்படி உப்பும். கொப்புளம் வருவது இப்படித்தான்.

மூன்று, ஈரம். என் தப்பு இங்கேதான். ஐஸ் போட்ட மோர் டம்ளருக்கு வெளியே ஏன் வேர்க்கிறது? டம்ளர் பனிநிலைக்கும் கீழே குளிர்ந்து இருப்பதால். ராத்திரி முழுக்க ஷெட்டில் கிடந்த இரும்பும் அப்படித்தான் வேர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு வேர்த்தாலும் போதும். அதனால்தான் இரும்பின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்கவேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். மழைக்காலக் காலையில் காற்று 24 டிகிரி, ஈரப்பதம் 92 சதவீதம் என்று வையுங்கள். பனிநிலை ஏறக்குறைய 22.6 டிகிரி வரும். இரும்பு 25.6 டிகிரியாவது இருக்கவேண்டும். ராத்திரிக் குளிரில் கிடந்த இரும்பு அவ்வளவு எங்கே இருக்கும்? வெயில் ஏறும்வரை காத்திருக்கவேண்டியதுதான். எங்கள் ஃபிரேம்களில் இன்னொரு கோளாறும் இருந்தது. பிளாஸ்டிங் முடிந்தது முந்தின நாள் சாயந்தரம். சுத்தமான இரும்பு சில மணி நேரத்திலேயே லேசாகத் துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிங் முடிந்த அன்றைக்கே, நிறம் மாறுமுன், பிரைமர் அடித்துவிடவேண்டும். நான் மட்டும் அன்று காலை உண்மையான ரீடிங்கை எழுதியிருந்தால் வேலை நின்றிருக்கும். பரப்பைத் திரும்பப் பார்த்திருப்பார்கள். இரண்டு கோளாறும் ஒன்றாகப் பிடிபட்டிருக்கும்.

நான்கு, கனம். ஈரமாக இருக்கும்போது 100 மைக்ரான் அடித்தால், திடப்பொருள் கன அளவில் 60 சதவீதம் உள்ள பெயிண்ட் காய்ந்தபின் 60 மைக்ரான்தான் நிற்கும். தின்னரைக் கூட ஊற்றினால் அதுவும் குறையும். கூர்மையான ஓரங்களில் பெயிண்ட் விலகி ஓடிவிடும். ஆகவே ஓரத்தை கிரைண்டரால் மழுக்கி, வெல்டிங் தெறிப்பைத் தட்டி எடுத்து, ஓரங்களுக்கும் வெல்டுக்கும் பிரஷ்ஷால் ஒரு கோட் தனியாகக் கொடுக்கவேண்டும். துரு முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.

ஐந்து, கலவையும் நேரமும். இரண்டு டின் பெயிண்டில் ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றக்கூடாது. கலந்தது கெட்டியாகும்முன் அடித்து முடிக்கவேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. எபாக்ஸி முழுக்க இறுகிவிட்டால் அடுத்த கோட் அதன்மேல் ஒட்டாது. எமரி போட்டுச் சொரசொரப்பாக்கவேண்டும்.

இந்த ஐந்தில் எதுவும் பெரிய செலவு இல்லை. பொறுமைதான் செலவு. அரிப்பினால் உலகத்துக்கு ஏற்படும் நஷ்டம் வருஷத்துக்கு 2.5 லட்சம் கோடி டாலர், அதாவது உலக உற்பத்தியில் 3.4 சதவீதம் என்று 2016-இல் வெளிவந்த ஒரு சர்வதேச ஆய்வு கணக்கிட்டது. தெரிந்த முறைகளை ஒழுங்காகச் செய்தாலே அதில் 15 முதல் 35 சதவீதம் வரை மிச்சம் பிடிக்கலாம் என்றும் அதே ஆய்வு சொன்னது. கவனியுங்கள், புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியது இல்லை; தெரிந்ததைச் செய்தால் போதும்!

பாம்பன் சொல்லும் பாடம்

சிக்ரிக்கு மண்டபத்தில் ஒரு கடலோர ஆய்வு நிலையம் உண்டு. தகடுகளைக் கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் மாட்டிவைத்து, எந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். நாட்டில் எந்த ஊரில் அரிப்பு எவ்வளவு என்று ஒரு வரைபடமே தயாரித்திருக்கிறார்கள். மண்டபம், பாம்பன் பக்கம் உலகிலேயே கடுமையான அரிப்புள்ள இடங்களில் ஒன்று.

அங்கேதான் 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நின்றது. நூறு வருஷத்துக்கு மேல் அது நின்றதற்குக் காரணம், துருவைச் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்த, பெயர் தெரியாத எத்தனையோ தொழிலாளிகள். கடைசியில் தூக்குப் பகுதியின் இரும்பு அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்தில் கட்டிய புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்ற பூச்சும் பயன்பட்டன. அந்தப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-ஆம் நாள். அந்தத் தேதியைப் பேப்பரில் படித்தது ஞாபகம் வந்ததும் சிலிர்த்துப் போனேன். அழகப்பர் பிறந்த நாள்!

கடைசி நாட்கள்

அழகப்பர் தம் கொடையின் பலனை முழுக்கப் பார்க்கவில்லை. கடைசி ஆண்டுகளில் உடல்நலம் குன்றியது. இந்திய அரசு பத்மபூஷண் கொடுத்துப் பெருமைப்படுத்தியது. 1957 ஏப்ரல் 5-ஆம் நாள் காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும். அவ்வளவு சின்ன வயசு! ஒரு ஆராய்ச்சி நிலையம் திறந்து நான்கே வருஷத்தில் என்ன பலன் தெரியும்? தகடு துருப்பிடிப்பதைப் பார்க்கவே பத்து வருஷம் வேண்டும். 1985-இல் அவர் பெயரிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. அதையும் அவர் பார்க்கவில்லை.

துத்தநாகப் பிரைமர் வேலை செய்வது எப்படி என்று எங்களுக்கு விளக்கினார்கள். பூச்சில் கீறல் விழுந்தால், இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். மேலே பளபளக்கும் கோட்டைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அடியில் கரைந்துகொண்டிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அதைக் கேட்டபோது எனக்கு அழகப்பர் ஞாபகம் வந்தது. கூடவே, செய்யாத தப்புக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்த அண்ணன் ஞாபகமும் வந்தது. அழகப்பர் தாமாகக் கொடுத்தார். அண்ணனிடமிருந்தோ நான் பறித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

காரைக்குடியிலிருந்து திரும்பிய திங்கட்கிழமை, வகுப்புக்குப் போகாமல் நேராக அம்பத்தூருக்குப் போனேன். கால் நடுங்கத்தான் செய்தது. ஃபோர்மேன் சாரிடமும் அண்ணனிடமும் ரிஜிஸ்டரைத் திறந்துகாட்டி, அந்த 68 சதவீதம் நான் எழுதிய பொய் என்று சொன்னேன். சார் ரொம்ப நேரம் பேசவில்லை. என் டிரெயினிங் சான்றிதழைத் திருப்பிக் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அண்ணனுடைய இரண்டு நாள் ஓவர்டைமை அந்த மாதச் சம்பளத்தில் சேர்க்கச் சொன்னார். பிளாஸ்டிங் பண்ணிய ஜாபை ராத்திரி போட்டுவைக்கக்கூடாது என்று போர்டில் எழுதிவைத்தார். அண்ணன் என்னைத் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. சுவரில் தொங்கிய ஹைக்ரோமீட்டரை எடுத்து என் கையில் கொடுத்து, அன்றைய ரீடிங்கை எடுக்கச் சொன்னார். சுழற்றினேன். 74 சதவீதம். எழுதினேன்.

தோழர்களே! நாம் படிப்பை முடித்து அம்பத்தூரிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லிப் பக்கமோ ஏதாவது ஒரு ஷெட்டில் வேலைக்கு நிற்கப்போகிறோம். முந்நூறு ஏக்கர் கொடுக்க நம்மிடம் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு ரிஜிஸ்டர் நம் கைக்கு வரும். யாரும் பார்க்காத அந்தக் கட்டத்தில் நாம் எழுதும் எண் உண்மையாக இருந்தால், நம்மை நம்பி ஸ்பிரே கன் பிடிக்கிறவர் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவார். அதுவும் ஒரு கொடைதான்.

வாழ்க வள்ளல் அழகப்பர் புகழ்! வளர்க நம் மாணவர் பேரவை!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை